தரையிலிருந்து எண்பது சென்டிமீட்டர்

கட்டில் எண்பது சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்
என்று கடிதம் வந்திருக்கிறது.
பேறுகாலத் தாதியின் முதுகு நோகக்கூடாதாம்.
அகராதியை மடியில் வைத்துக்கொண்டு
இரண்டு முறை வாசித்தோம்.
என் இடுப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் கட்டில் நாற்பத்தாறு.
பாத்ரி அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
கீழ்வீட்டுக் கதவைத் தட்டப் போனான்.
அவனுடைய டச்சு
கண்ணாடிக் கூடாரத்துத் தக்காளிகளோடு முடிந்துவிடும்:
சிவப்பு, வேகமாக, பெட்டி, நாளைக்கு.
பெட்டி உதவியது.

வீபெ நான்கு பீர் பெட்டிகளோடு படியேறி வந்தார்.
காலிப் புட்டிகளை எங்கள் பால்கனியில்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிறுத்தினார்.
குழந்தை பிறந்ததும் எல்லாம் திரும்ப வேண்டும்,
கடையில் கொடுத்தால் காசு,
என்று கட்டைவிரலை ஆள்காட்டிவிரலில் தேய்த்துக் காட்டினார்.

அப்படியும் நாலு சென்டிமீட்டர் குறைந்தது.
மூன்று காலுக்குப் பலகைத் துண்டு கிடைத்தது.
நான்காவதற்கு என் மொழிப் பாடப்புத்தகம்.
பன்னிரண்டாம் பாடம் வரை வந்திருந்தேன்,
'மருத்துவரிடம்.'
பதின்மூன்றில் என்ன இருக்கிறதோ,
அதன்மேல் இப்போது நான் படுத்திருக்கிறேன்.

அம்மா குத்தைசியிலிருந்து கைபேசித் திரையில் பார்த்துவிட்டு
எதற்கு இவளை அலமாரியில் வைத்திருக்கிறாய்
என்று பாத்ரியைக் கேட்டாள்.

வியாழக்கிழமை ஃபெம்கே வந்தாள்,
மழைக்கோட்டோடு, சைக்கிள் மிதித்து.
கை உறையைக் கழற்றி
உள்ளங்கைகளைத் தன் கழுத்தில் சூடாக்கிக்கொண்டுதான்
என் வயிற்றைத் தொட்டாள்.
அந்த ஒன்றுக்காகவே
இந்த ஊரை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.
பிறகு குனிந்து கேட்டாள்:
மாமா எப்படி இருக்கிறாங்க?

நான் பாத்ரியைப் பார்த்தேன்.
அவன் நிமிர்ந்து உட்கார்ந்து
நல்லா இருக்கேன், நன்றி, என்றான்.

எங்கள் ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா.
அம்மாவுக்கு வேறு சொல் இருக்கிறது, தேதா.
ஃபெம்கேயின் ஊரில் மாமா நான்.
சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது.
சிரித்துச் சிரித்து என் வயிறு இறுகியது,
அதையும் அவள் நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகும் பாத்ரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
பார், இங்கே எல்லாப் பிள்ளைகளும்
முதலில் அப்பாவைத்தான் கூப்பிடும்.
அவனுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் லாபம்.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
பத்து மாதமும் சுமப்பது நான்,
சொல்லை அவன் சுமக்கட்டும்.

இரவு மூன்று மணி.
பால்கனியில் புட்டிகள் மெல்லக் கிணுகிணுக்கின்றன.
லாரியாக இருக்கலாம்.
எரிவாயு எடுத்தெடுத்து இங்கே பூமி எப்போதாவது உதறும்
என்று வீபெ சொல்லியிருக்கிறார், அதுவாகவும் இருக்கலாம்.
இல்லை, நீதான் உதைத்தாயா,
ஒரே சமயத்தில் மூன்றுமா?

இந்தத் தெரு கடலைவிடத் தாழ்வு
என்றும் அவர்தான் சொன்னார்,
ஒரு மீட்டருக்கு மேல் இருக்குமாம்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இத்தனை பெட்டி, பலகை, புத்தகம் அடுக்கியும்
நாங்கள் இன்னும் தண்ணீருக்குக் கீழேதான் தூங்குகிறோம்.
இந்த வீட்டில் அதற்குப் பழகியது நீ ஒருத்திதான்.
(ஒருவனோ. கேட்க வேண்டாம் என்றிருக்கிறோம்.)

மறுபடி மூத்திரம் முட்டுகிறது. இன்றைக்கு நாலாவது தடவை.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
ஒரு காலை விட்டுத் துழாவுகிறேன்.
பெருவிரலில் குளிர் காற்று படுகிறது.
தரை இன்னும் கீழே எங்கேயோ.
ஐந்து மணிக்கு இவன் கூடாரத்துக்குக் கிளம்ப வேண்டும்,
எழுப்ப மனசில்லை,
எழுப்பாமலும் முடியாது.
பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை.

மாமா, என்றேன்.
உடனே எழுந்து உட்கார்ந்தான்,
இருட்டில் யாரைத் தேடுகிறானோ.
நான்தான். என்னைக் கொஞ்சம் இறக்கிவிடு.